கோட்டையை ஒப்படைத்த சொல்: ‘கிவ் அப்’ பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ‘கிவ் இன்’ என்ற ஆங்கில வினைக்குச் சுருக்கமாகப் பொருள் கூறியிருந்தோம். அதைப் படித்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் பலரும், அதைவிட அதிகமாகப் புழங்குகிற ‘கிவ் அப்’ பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருப்பதால், இந்த முறை இப்பகுதி முழுவதையும் அந்த ஒரு வினைக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

‘கிவ்’ என்றால் கொடு. ‘அப்’ என்றால் மேலே. இரண்டும் சேர்ந்ததும் ‘விட்டுவிடு’ என்ற பொருள் எப்படி வந்தது? தோற்றவன் இரண்டு கைகளையும் மேலே தூக்குவதிலிருந்து வந்தது என்று எங்கள் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அது உண்மையா?
(தொழிற்சாலை மேற்பார்வையாளர், ஓசூர்)

கைகளைத் தூக்கும் கதை கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லின் வரலாறு அதற்குத் துணை நிற்கவில்லை. இந்த வினை எழுத்தில் காணப்படும் மிகப் பழைய இடங்களில் ஒன்றைப் பார்த்தால், அங்கே கோட்டைகள்தாம் கைமாறுகின்றன.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் பீட்டர்பரோ என்ற ஊரிலிருந்த கிறித்தவ மடத்தில், நாட்டு நடப்புகளை ஆண்டுவாரியாக எழுதிவைக்கும் வழக்கம் 1154 வரை நீடித்தது. ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு என்று அறியப்படும் தொகுதியில் வேறு எந்தப் படியும் அவ்வளவு பிற்காலம் வரை வரவில்லை. நார்மானியர் 1066-இல் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் அரசவையில் பிரெஞ்சும் ஆவணங்களில் லத்தீனும் கோலோச்சிய காலத்தில், அந்த மடத்துத் துறவிகள் மக்கள் பேச்சை ஒட்டிய ஆங்கிலத்திலேயே எழுதினார்கள் என்பதால், மொழி வரலாற்றை ஆராய்பவர்களுக்கு அந்தக் கடைசிப் பக்கங்கள் பெரும் புதையல்.

அதில் 1137-ஆம் ஆண்டின் கீழ் உள்ள பதிவு ஸ்டீபன் மன்னரைப் பற்றியது. மன்னர் ஆக்ஸ்ஃபோர்டில் அவை கூட்டி, சாலிஸ்பரி ஆயர் ரோஜர், லிங்கன் ஆயர் அலெக்சாண்டர், மன்னரின் தலைமைச் செயலாளரான சான்சலர் ரோஜர் ஆகிய மூவரையும் பிடித்துச் சிறையில் அடைத்தார் என்று கூறும் துறவி, அந்த வாக்கியத்தை ‘தில் ஹி யாவன் உப் ஹெரே காஸ்தெல்ஸ்’ என்று முடிக்கிறார். ‘அவர்கள் தங்கள் கோட்டைகளைக் கொடுத்துவிடும் வரை’ என்பது அதன் பொருள். கைது உண்மையில் நடந்தது 1139-இல். அந்தக் கால ஆயர்கள் பெரும் நிலவுடைமையாளர்களாகவும் அமைச்சர்களாகவும் இருந்தார்கள். அவர்கள் கையில் வலுவான கோட்டைகள் இருந்ததுதான் மன்னருக்கு உறுத்தலாயிற்று. அவற்றில் டிவைசஸ் என்ற கோட்டை எளிதில் கிடைக்கவில்லை. சான்சலரைக் கோட்டைக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தி, தூக்கில் போடுவதாக மிரட்டிய பிறகே உள்ளே இருந்தவர்கள் பணிந்தார்கள். ‘கிவ் அப்’ என்ற வினைக்குள் இன்றும் குடியிருக்கும் உட்பொருள் அந்த நிகழ்ச்சியில் முழுமையாகத் தெரிகிறது: பொருள் தன்னுடையது, அதை வைத்துக்கொள்ளவே விருப்பம், ஆனாலும் கொடுத்தாக வேண்டியிருக்கிறது.

அந்தப் பழைய வாக்கியத்தில் ‘யாவன்’ என்று வருவதுதான், ‘கிவ்’ என்பதன் இறந்தகால வடிவமான இன்றைய ‘கேவ்’. பழைய ஆங்கிலத்தில் இந்த வினை ‘ய’ ஒலியோடுதான் தொடங்கியது. சாசர் என்ற பெருங்கவிஞரின் எழுத்திலும் 14-ஆம் நூற்றாண்டில் அப்படியே இருக்கிறது. இன்று நாம் ஒலிக்கும் வன்மையான ‘கி’ ஒலி, ஒன்பதாம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் கிழக்கிலும் வடக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் பழநார்ஸ் மொழியின் தாக்கத்தால் நிலைபெற்றது. அவர்களுடைய மொழியிலும் ஒப்படைப்பதற்கு ‘கெஃபா உப்’ என்ற தொடர் இருந்தது. ஜெர்மானியர் ‘அவுஃப்கேபன்’ என்கிறார்கள். டச்சு மொழியிலும் இதே அமைப்பு உண்டு. ஆகவே, ஆங்கிலத்தை இந்தக் குடும்ப மொழிகளோடு சேர்த்துப் பார்த்தால், ‘கொடு’ என்ற வினையோடு ‘மேலே’ என்ற சொல் சேர்ந்து ‘கைவிடு’ என்றாவதில் விந்தை எதுவும் இல்லை.

இனி ‘அப்’ என்பதன் வேலையைப் பார்ப்போம். இங்கே அது திசையைக் காட்டவில்லை. ‘ஈட் அப்’ என்றால் மிச்சம் வைக்காமல் தின்றுவிடு. ‘டிரிங்க் அப்’ என்றால் குடித்துவிடு. ‘டேர் அப்’ என்றால் கிழித்துப்போடு. ‘யூஸ் அப்’ என்றால் பயன்படுத்தித் தீர்த்துவிடு. வைகாசியில் ஏரி வற்றிவிட்டது என்று நாம் சொல்வதை அவர்கள் ‘டிரைட் அப்’ என்பார்கள். இந்த உதாரணங்களை வரிசையாகப் படித்தால், தமிழில் ‘விடு’, ‘போடு’ போன்ற துணைவினைகள் செய்யும் வேலையைத்தான் ஆங்கிலத்தில் ‘அப்’ செய்கிறது என்பது விளங்கும். ‘கடனைக் கொடுத்தான்’ என்பதற்கும் ‘கடனைக் கொடுத்துவிட்டான்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் ஊர்க் குழந்தைக்கும் யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. முன்னது செயலைச் சொல்கிறது, பின்னது செயல் முடிந்துபோனதையும் இனி மீட்க எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. ‘கிவ்’ என்பதோடு ‘அப்’ சேரும்போது நிகழ்வதும் அதுவே. ‘டெலிவர் அப்’, ‘யீல்ட் அப்’ என்ற பழந்தொடர்களிலும், தன் கையிலிருந்தது முழுவதுமாக இன்னொருவர் கைக்குப் போய்விட்டது என்ற முடிவை ‘அப்’ உணர்த்துகிறது.

‘கோட்டை விட்டான்’ என்று நாம் சொல்வதும் ‘கிவ் அப்’ என்பதும் ஒன்றா? மேலும், 1792-இல் திப்பு சுல்தான், நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி அடங்கிய பாரமகாலை ஆங்கிலேயருக்குக் கொடுத்ததை வரலாற்று நூல்கள் ‘சீடட்’ என்று எழுதுகின்றன. ‘கேவ் அப்’ என்று எழுதினால் தவறா?
(ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், கிருஷ்ணகிரி)

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது. தமிழில் ‘கோட்டை விடுதல்’ என்பது கவனக்குறைவால் ஒரு வாய்ப்பை இழப்பது. தேர்வு நாளை மறந்துபோனவன் கோட்டை விட்டவன். ‘கிவ் அப்’ என்பதில் கவனக்குறைவுக்கு இடமில்லை. கொடுப்பவர் தெரிந்தே கொடுக்கிறார், வருத்தத்தோடு கொடுத்தாலும் முடிவு அவருடையது. இரண்டிலும் கோட்டை வருவது தற்செயல் ஒற்றுமை.

இரண்டாவது கேள்விக்கு உங்கள் ஊர் வரலாறே நல்ல பாடம். மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791-இல் மேஜர் கௌடி தலைமையில் வந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இராயக்கோட்டையின் கீழ்க்கோட்டையைத் தாக்கிப் பிடித்தது. மேல்கோட்டை அதன்பின் சரணடைந்தது. கீழ்க்கோட்டைக்கு ஆங்கிலத்தில் ‘டேக்’ என்ற வினை பொருந்தும். மேல்கோட்டைக்கு ‘கிவ் அப்’ பொருந்தும். அதே ஆண்டு நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல் கிருஷ்ணகிரியைத் தாக்கினார். அடிவாரம் அவர் வசமானபோதிலும் மலைமேல் உள்ள கோட்டையைப் பிடிக்க இயலாமல் திரும்பினார். படையால் எட்ட முடியாத அந்தக் கோட்டை, 1792 மார்ச்சில் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டின ஒப்பந்தத்தின் வழியாகப் பாரமகாலோடு சேர்ந்து கம்பெனியின் கைக்குப் போயிற்று. கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை அந்தப் போரில் யாரும் ‘டேக்’ செய்யவில்லை. அது ‘கிவன் அப்’ ஆன கோட்டை. எனவே பொருளளவில் நீங்கள் எழுதுவது மிகச் சரி.

வேறுபாடு நடையில் இருக்கிறது. ‘சீட்’ என்பது, விலகுதல், இடம்விடுதல் என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது. ‘சரண்டர்’ என்பது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது; அதன் இரண்டு உறுப்புகளைப் பிரித்தால் ‘மேலே’, ‘கொடு’ என்றே வரும் என்பது கவனிக்கத்தக்கது. ‘ரெலின்க்விஷ்’, ‘ரிசைன்’, ‘ரினவுன்ஸ்’ ஆகியனவும் லத்தீன் வழி வந்தவையே. ஒப்பந்தம், சட்டம், விண்ணப்பம் ஆகியவற்றில் இந்த ஒற்றைச் சொற்கள் ஆளப்படுகின்றன. வீட்டிலும் கடையிலும் நண்பர்களுக்கு இடையிலும் ‘கிவ் அப்’ ஒன்றே அத்தனை வேலையையும் பார்த்துவிடுகிறது.

தமிழிலும் இப்படிப்பட்ட அடுக்குகள் உண்டு. வேலையை விடுகிறோம் என்று பேசிவிட்டு, அலுவலகத்தில் ‘ராஜினாமா’ கொடுக்கிறோம். பாரசீக வழியில் வந்த அந்தச் சொல்லுக்கு உங்கள் மாவட்டத்தோடு தனி உறவு இருக்கிறது. 1792-க்குப் பின் பாரமகாலுக்கு ஆட்சியராக வந்த கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்களில் ஒருவரான தாமஸ் மன்றோவும் இங்கே உருவாக்கத் தொடங்கிய, உழவரிடம் அரசே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறை, பின்னர் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. அந்த முறையில், தன்னால் உழ முடியாத நிலத்தை உழவர் ஆண்டு முடிவில் அரசிடமே விட்டுவிடலாம். நிலம் வேண்டுமென்று கேட்கும் மனுவுக்குத் தர்க்காஸ்து என்றும் நிலத்தை விட்டுவிடுவதாக எழுதிக்கொடுக்கும் மனுவுக்கு ராஜினாமா என்றும் பெயர். வருவாய்த்துறையின் ஆங்கிலக் கோப்பில் அது ‘ரெலின்க்விஷ்மென்ட்’. மன்றோ தம் நண்பரிடம் பேசியிருந்தால் ‘கேவ் அப் தி லேண்ட்’ என்றுதான் சொல்லியிருப்பார்.

அதியமான் ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்ததை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘கேவ்’ என்பதா, ‘கேவ் அப்’ என்பதா?
(கல்லூரி மாணவர், தருமபுரி)

தகடூர் மண்ணிலிருந்து வந்திருக்கும் இந்தக் கேள்வி, இரண்டு வினைகளுக்கும் உள்ள இடைவெளியை எங்களைவிட நன்றாகக் காட்டுகிறது. கனி ஔவையின் கைக்குப் போனதைச் சொல்லும்போது ‘கேவ்’ போதும்; அதில் பெறுபவர்தான் கண்ணில் படுகிறார். அந்தக் கனியை உண்டிருந்தால் தனக்குக் கிடைத்திருக்கக்கூடிய நீண்ட வாழ்நாளை அதியமான் துறந்ததைச் சொல்ல வேண்டுமானால் ‘கேவ் அப்’ வேண்டும். அதில் இழப்பவர் கண்ணில் படுகிறார். ஒரே செயலைப் பெறுபவர் பக்கம் நின்று பார்த்தால் ஒரு வினை, இழப்பவர் பக்கம் நின்று பார்த்தால் இன்னொரு வினை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதினால், கனிக்குக் ‘கேவ்’ என்றும் வாழ்நாளுக்குக் ‘கேவ் அப்’ என்றும் எழுதுங்கள்.

எங்கள் பள்ளிச் சுவரில் ‘நெவர் கிவ் அப்’ என்று எழுதி, கீழே தமிழில் ‘ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே’ என்று எழுதியிருக்கிறார்கள். படிக்கும்போது ஏதோ நெருடுகிறது. மொழிபெயர்ப்பு சரிதானா?
(அரசுப் பள்ளி ஆசிரியை, பாலக்கோடு)

உங்களுக்கு நெருடியது முற்றிலும் நியாயம். அந்தத் தமிழ் வரியை அழித்துவிட்டு வேறு எழுதச் சொல்லுங்கள் என்றே நாங்கள் கேட்டுக்கொள்வோம், ஏனென்றால் நாள்தோறும் அதைப் பார்த்துக்கொண்டே வகுப்புக்குள் நுழைபவர்கள் குழந்தைகள்.

தமிழில் விட்டுக்கொடுத்தல் என்பது ஒரு நற்பண்பு. தண்ணீர்க் குழாயடியில், பேருந்தில், அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் விட்டுக்கொடுத்துப் போகச் சொல்லித்தான் பெரியவர்கள் வளர்க்கிறார்கள். ‘விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை’ என்று வழக்கிலும் சொல்கிறோம். ‘ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே’ என்று சுவரில் எழுதினால், பந்தைப் பகிர்ந்துகொள்ளாதே, சண்டையில் இறங்கிவராதே என்றே பிள்ளைக்குக் கேட்கும். ஆங்கிலத் தொடர் சொல்ல வந்தது முயற்சியைப் பற்றி. ‘முயற்சியைக் கைவிடாதே’ என்று எழுதலாம். இன்னும் இயல்பாக வேண்டுமானால் ‘மனம் தளராதே’ என்று எழுதலாம். எங்களுக்குப் பிடித்தது இரண்டாவது. கணக்கில் மூன்றாம் முறையும் தவறு செய்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைக்கும் பிள்ளையிடம் எந்த ஆசிரியையும் இதைத்தான் சொல்வார்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த வாசகத்தோடு வின்ஸ்டன் சர்ச்சிலின் பெயரை இணைத்து அச்சிடும் வழக்கம் இருக்கிறது. 1941 அக்டோபர் 29 அன்று, தாம் படித்த ஹாரோ பள்ளியில் மாணவர்களிடையே பேசும்போது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ‘நெவர் கிவ் இன்’. ‘கிவ் இன்’ என்றால் எதிரே நிற்பவரின் வலுவுக்குப் பணிந்துபோதல். ‘கிவ் அப்’ என்பதற்கு எதிரே ஒருவர் நிற்க வேண்டியதில்லை. மலையேறுபவர் பாதி வழியில் திரும்பினாலும் அது ‘கிவ் அப்’தான். ஜெர்மனியின் குண்டுவீச்சைத் தாங்கி நின்ற நாட்டின் பிரதமர் பணிந்துபோதலைப் பற்றித்தான் பேச வேண்டியிருந்தது. அதிலும் அவர், மானமும் நல்லறிவும் வழிநடத்தும் இடத்தில் இறங்கிவரலாம் என்று விலக்கு ஒன்றைச் சேர்த்தே பேசினார். சுவரில் எழுதுபவர்கள் அந்த விலக்கை விட்டுவிடுகிறார்கள்.

கல்லூரி ஆண்டு விழாவில் தொகுப்பாளர் ‘கிவ் இட் அப் ஃபார்’ என்று சொல்லி ஒரு நடனக் குழுவை அழைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். சமையல் எரிவாயு மானியத்துக்கும் ‘கிவ் இட் அப்’ என்றுதானே விளம்பரம் செய்தார்கள்? இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்?
(கல்லூரி மாணவி, தருமபுரி)

எரிவாயு மானியத்துக்கு வந்தது பழைய பொருள். வசதியுள்ளவர்கள் தங்களுக்கு உரிய மானியத்தைத் தாங்களாகவே விட்டுக்கொடுக்க வேண்டும் என்று 2015 மார்ச்சில் மத்திய அரசு தொடங்கிய இயக்கத்தின் பெயர் அது. உரிமை தன்னுடையது, அதைத் தெரிந்தே விடுகிறோம் என்ற இரண்டும் அதில் இருப்பதால், ஆயர்களின் கோட்டைக்கு வந்த அதே வினை சிலிண்டருக்கும் வந்தது. இங்கே மொழிபெயர்ப்புக்கு ‘விட்டுக்கொடுங்கள்’ மிகப் பொருத்தம். மேலே பாலக்கோட்டு ஆசிரியைக்குத் தவறு என்று சொன்ன அதே தமிழ்ச் சொல் இங்கே சரியாகப் பொருந்துவதைப் பாருங்கள்.

மேடையில் கேட்டது புதிய பொருள். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கலைநிகழ்ச்சி மேடைகளிலிருந்து பரவிய வழக்கு அது. உங்களிடம் உள்ள கைதட்டலையும் ஆரவாரத்தையும் அடக்கி வைத்துக்கொள்ளாமல் இவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள் என்பது அதன் உட்கருத்து. ‘ஃபார்’ என்ற சொல்லும் அதை அடுத்து வரவேற்கப்படுபவரின் பெயரும் வந்தால் கைதட்டுங்கள் என்று பொருள். அது வராவிட்டால் பழைய பொருள். பொங்கல் விழா மேடையில் ‘ஜோராகக் கைதட்டுங்கள்’ என்று சொல்லும்போது கூட்டத்துக்கு உடனே புரிகிறது என்பதால், தமிழ்க் கூட்டத்தில் அந்த ஆங்கிலத் தொடர் தேவையா என்பதைத் தொகுப்பாளர்கள் யோசிக்க வேண்டும்.

இதில் ஓர் இலக்கணச் செய்தியும் இருக்கிறது. ‘இட்’, ‘தெம்’, ‘ஹிம்’ போன்ற சுட்டுப்பெயர்கள் வரும்போது அவை ‘கிவ்’ என்பதற்கும் ‘அப்’ என்பதற்கும் நடுவில்தான் நிற்க வேண்டும். ‘கிவ் அப் இட்’ என்பது பிழை. பெயர்ச்சொல்லாக இருந்தால் நடுவிலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். தமிழின் ‘விடு’ தன் வினையை விட்டு இப்படி விலகி நிற்பதில்லை என்பதால் நம் மாணவர்கள் இந்த இடத்தில் அடிக்கடி தடுமாறுகிறார்கள்.

‘தி டாக்டர்ஸ் கேவ் ஹிம் அப்’ என்று ஒரு பழைய கதையில் படித்தேன். மருத்துவர்கள் அவரை யாரிடம் ஒப்படைத்தார்கள்?
(செவிலியர், காவேரிப்பட்டினம்)

யாரிடமும் ஒப்படைக்கவில்லை. பிழைக்கமாட்டார் என்று நம்பிக்கை இழந்தார்கள் என்பது பொருள். நம் பேச்சில் ‘டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள்’ என்கிறோமே, அதற்கு இதைவிட நெருக்கமான தொடரை ஆங்கிலத்தில் தேட வேண்டியதில்லை. இன்றைய ஆங்கிலத்தில் இந்தப் பொருளில் ‘கேவ் அப் ஆன் ஹிம்’ என்று ‘ஆன்’ சேர்த்து எழுதுவதே பெருவழக்கு. அந்தச் சிறு சொல் சேர்ந்ததும் ஒருவர் மீது வைத்த நம்பிக்கையை எடுத்துவிட்டோம் என்றாகிறது: படிக்காத மகனைப் பற்றித் தந்தையும், தேறாத கட்சிக்காரரைப் பற்றி வழக்கறிஞரும் இப்படிச் சொல்லலாம்.

‘கேவ் ஹிம்செல்ஃப் அப்’ என்பது வேறு. காவல்துறையால் தேடப்படுபவர் தாமாகவே வந்து சரணடைவது அது. நீங்கள் நோயாளியின் குறிப்பேட்டில் எழுதுபவர் என்பதால் ஒன்று சொல்கிறோம். ‘கேவ் அப்’ என்பதை மருத்துவக் குறிப்பில் எழுதுவதைத் தவிருங்கள். நோயாளி புகைப்பதை நிறுத்தினாரா, மருந்தை நிறுத்தினாரா, மனம் உடைந்தாரா என்று படிப்பவருக்கு ஐயம் வந்தால், அந்த ஐயத்தின் விலையை நோயாளிதான் கொடுக்க நேரும்.

‘கேவ் அப் தி கோஸ்ட்’ என்றால் பேயை விட்டான் என்றா பொருள்?
(வாசகர், பென்னாகரம்)

உயிரை விட்டான் என்று பொருள். ‘கோஸ்ட்’ என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் ஆவி, உயிர்மூச்சு என்பவற்றைக் குறித்தது. பேய் என்ற பொருள் பின்னால் மேலோங்கியது. 1611-இல் வெளியான ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில், இயேசு சிலுவையில் இறந்ததைச் சொல்லும் மாற்கு நற்செய்தியின் வசனத்தில் இந்தத் தொடர் வருகிறது. தமிழ் விவிலியத்தில் அதே இடத்தில் ‘ஜீவனை விட்டார்’ என்று இருக்கிறது. இப்போது ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் இயந்திரங்களுக்குத்தான் வழங்குகிறது. கோடையில் பம்ப்செட் மோட்டார் புகைந்து நின்றுபோனால் இப்படிச் சொல்வார்கள். மனிதர் இறந்த செய்திக்கு இதை எழுதினால் மரியாதைக் குறைவாக இருக்கும்.

இப்படிப்பட்ட வினைகளுக்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்று பெயரிட்டவர் யார்? ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவாமே, எப்படித்தான் படிப்பது?
(தமிழ்வழிப் பட்டதாரி, அரூர்)

அந்தப் பெயரை 1925-இல் வெளிவந்த தம் நூலின் வழியாகப் பரப்பியவர் லோகன் பியர்சல் ஸ்மித். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி தமக்குச் சொன்ன பெயர் அது என்று அவரே குறிப்பிடுகிறார். பெயர் புதிதாக இருந்தாலும் சிக்கல் பழையது. 1755-இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே, வினையோடு ஒரு சிறுசொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இந்த அமைப்புதான் அயல்நாட்டவருக்குப் பெருந்துன்பம் தருகிறது என்று எழுதினார். ஆகவே அரூரில் உட்கார்ந்து இதில் திணறுகிறவர், ஜான்சன் எதிர்பார்த்த இடத்தில்தான் திணறுகிறார். தமிழ்வழியில் படித்ததால் வந்த குறை என்று எண்ண வேண்டாம்.

பட்டியலை மனப்பாடம் செய்யும் முறையில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. வினையைவிட, அதை அடுத்து வரும் பெயர்ச்சொல்லின் மீது கண் வையுங்கள். ‘கிவ் அப்’ என்பதை அடுத்து ‘சீட்’ என்று இருக்கை வந்தால் விட்டுக்கொடுத்தல். ‘ஜாப்’ என்று வேலை வந்தால் விடுதல். ‘ஹோப்’ வந்தால் நம்பிக்கை இழத்தல். ‘ரைட்’ வந்தால் உரிமையைத் துறத்தல். நகரமோ கோட்டையோ வந்தால் ஒப்படைத்தல். எதுவுமே வராமல் ‘ஐ கிவ் அப்’ என்று தனியே நின்றால், விடுகதைக்கு விடை தெரியாத சிறுவன் ‘தோத்துட்டேன், நீயே சொல்லு’ என்பானே, அதுதான். தமிழில் ஆறு வினைகள் பகிர்ந்துகொள்ளும் வேலையை அங்கே ஒரே வினை செய்கிறது. எந்தத் தமிழ் வினை வேண்டும் என்பதைப் பக்கத்திலிருக்கும் பெயர்ச்சொல் சொல்லிவிடுகிறது. படிக்கும் செய்தித்தாளில் இத்தகைய வாக்கியம் கண்ணில் பட்டால் வாக்கியத்தை முழுதாக ஏட்டில் எழுதி, கீழே நீங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படித் தமிழில் எழுதிவையுங்கள். அகராதித் தமிழில் எழுதினால் நினைவில் நிற்காது.

‘ஹி கேவ் அப் டு ஸ்மோக்’ என்று எழுதியதற்கு மாதிரித் தேர்வில் மதிப்பெண் தரவில்லை. ஏன்?
(போட்டித்தேர்வு எழுதுபவர், ஊத்தங்கரை)

‘கிவ் அப்’ என்பதை அடுத்து ஒரு செயலைச் சொல்ல வேண்டுமானால், அதைப் பெயராக்கி ‘ஸ்மோக்கிங்’ என்று எழுத வேண்டும். கோட்டையும் பதவியும் நின்ற இடத்தில்தான் செயலும் வந்து நிற்கிறது. பெயர்ச்சொல்லுக்கு உரிய அந்த இடத்தில் செயலும் பெயராக மாறித்தான் அமர முடியும். தமிழிலும் ‘புகைப்பதை விட்டான்’ என்று ‘புகைப்பது’ எனப் பெயராக்கி, இரண்டாம் வேற்றுமை உருபும் சேர்த்துத்தானே சொல்கிறோம்? இந்த வினைக்குப் பின் ‘டு’ வந்தால், பொருளைப் பெற்றுக்கொண்டவர் யார் என்பதை அது காட்டும்: பேருந்தில் ஒருவர் தம் இருக்கையை முதியவருக்குக் கொடுத்தால் ‘கேவ் அப் ஹிஸ் சீட் டு அன் ஓல்ட் மேன்’. மதிப்பெண் தராதது முறைதான்.